மேல்வீட்டில் ஒருவர் நித்திரை

எங்கள் அலுவலகத்தில் நாலைந்து பேர்தான் வேலை செய்கிறோம். கட்டடக் கலைஞரான முதலாளி பள்ளிக்கூடங்களும் நூலகங்களும் வரைவார். அவர் போட்டுத் தரும் கோடுகளுக்கு அளவும் பொருளும் சேர்த்து, கட்டக்கூடிய வரைபடமாக மாற்றுவது என் வேலை. ஒரு நாள் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து ஒரு சங்கம் எழுதியிருந்தது. பழைய புடவைக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம், குறைந்த செலவில் அதை இளையோர் நிலையமாக மாற்றித் தர முடியுமா என்று. முதலாளி கோப்பை என் பக்கம் தள்ளி, "உனக்கு அந்தப் பகுதி தெரியும்தானே, நீயே செய்" என்றார். கனடாவுக்கு வந்த புதிதில் சில வருடங்கள் அங்கே குடியிருந்தேன். கலியாணத்துக்குப் பிறகு சென்ட் லோரன்ட் பக்கம் போய்விட்டோம். ஆனாலும் தெரியும் என்றுதான் சொன்னேன். முழுப் பொறுப்பும் என்னிடம் வந்த முதல் வேலை அது.

அந்தச் சங்கம் அதுவரை ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ட் மண்டபத்தில் இயங்கி வந்தது. தேவாலயத்தை விற்றுவிட்டார்கள். அந்த வருடக் கோடைக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் அந்த இடத்தை பிரெஞ்சில் 'மேசோன்' என்று சொல்வார்கள், வீடு என்று அர்த்தம். "எங்கே போகிறாய்" என்று தாய் கேட்டால் "மேசோனுக்கு" என்பார்கள். பொறுப்பாளர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிரெஞ்சுப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். குளிர்காலத்திலும் சைக்கிளில் வருவார். நகரசபை ஒரு தொகை தந்திருக்கிறது, அது போதாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இப்படியான வேலைகளில் தொகை போதாமல் இருப்பது வழக்கம். எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதுதான் வடிவமைப்பில் பாதி.

கடைக்குப் போய்ப் பார்த்தேன். செங்கல்லால் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம். கீழே கடை, மேலே ஒரே ஒரு வீடு. கடையின் முன்பக்கம் தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் நீளமான மண்டபம். அதற்கும் பின்னால், முற்றத்துக்குள் நீட்டிக் கட்டிய ஒரு சாமான் அறை. மேல்வீடு மண்டபத்தோடு முடிந்துவிடும். சாமான் அறைக்கு மேலே தட்டைக் கூரை மட்டும். இந்தப் பகுதியில் பல கடைகள் இப்படித்தான் இருக்கும். முதலாளி போட்டுத் தந்த முதல் கோட்டுப் படத்தில் மண்டபம்தான் நிலையத்தின் நடுவிடம். அதிலே ஆட்டம், பாட்டு, விளையாட்டு எல்லாம். முன்பக்கம் சமைக்கக் குசினி, பின்னால் சாமான் அறையில் அலுவலகம்.

அந்தப் படத்தைப் பிள்ளைகளிடம் காட்டக் கொண்டுபோனேன். பேஸ்மென்டில் பழைய சோபாக்களில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. தமிழ்ப் பிள்ளைகள், பஞ்சாபிப் பிள்ளைகள், வங்காளிகள், ஹெயிட்டியர், ஒரு கிரேக்கப் பையன். படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். கணினி, பில்லியர்ட்ஸ் மேசை என்று வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். முதலில் வந்தது கழிவறைக் கதவு நிலம் வரைக்கும் இருக்க வேண்டும் என்பது. அடுத்தது ஃபோன் சார்ஜ் பண்ண நிறைய இடம். பிறகு பதினாறு வயது இருக்கக்கூடிய ஒரு தமிழ்ப் பெண், நடனக் குழுவை நடத்துகிறவள், கையை உயர்த்தாமலே பேசினாள்.

"சத்தம் போட ஒரு இடம் வேணும் அன்ரி."

"எப்படிச் சத்தம்?"

"எல்லாச் சத்தமும். வீட்டில சத்தம் போடேலாது. நான் ஸ்கூலால வாற நேரம் அப்பா நித்திரை. அவர் நைட் வேலை. டிவியும் மெதுவாத்தான் பாப்பம்."

பக்கத்தில் இருந்த பஞ்சாபிப் பையன் தன் வீட்டிலும் அப்படித்தான் என்றான். அவன் தகப்பன் டாக்சி ஓடுகிறவர். வேறொரு பிள்ளையின் தாய் வைத்தியசாலையில் இரவுத் துப்புரவு வேலை. கேட்கக் கேட்க அந்த அறையில் பாதிப் பேருடைய வீடுகளில் பின்னேரம் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் சப்பாத்தைக் கழற்றுவது போல அது ஒரு பழக்கம். வெளியே வந்தால் சத்தம் வேண்டும், அவ்வளவுதான். கோப்பில் "சத்தத்துக்கு ஒரு பெரிய அறை" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அடுத்த வாரம் மண்டபத்தின் சீலிங்கைச் சோதிக்கப் போனேன். மேலே குறுக்கு மரங்கள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன, எவ்வளவு இடைவெளி என்று தெரிய வேண்டும். ஏணியில் ஏறிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். பின்பக்கம் வந்தபோது மேலிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள். நான் நிறுத்தினேன். சிறிது நேரம் கழித்து ஒரு தட்டுத் தட்டினேன். மேலிருந்து பலமாக மூன்று நான்கு அடி விழுந்தது.

வெளிப்படிக்கட்டில் ஏறி மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவர் சாறம் கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஐம்பத்தைந்து, அறுபது வயது. முகத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது. நான் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து, அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கிய கோயில் கலண்டரைப் பார்த்துத் தமிழுக்கு மாறினேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. கீழ சீலிங் பாக்கிறன். ஆள் இருக்கிறது தெரியாது."

"இருக்கிறன் தங்கச்சி. நான் படுக்கிற நேரம் இது." கோபமாகச் சொல்லவில்லை. சாய்ந்து நின்றுதான் சொன்னார், நிற்கக் களைப்பு. "கீழ என்ன வருது? திரும்பவும் கடையோ?"

பிள்ளைகளுக்கான நிலையம் என்றேன். "பிள்ளையள் எத்தினை மணிக்கு வருங்கள்?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து இரவு வரை இருப்பார்கள் என்றேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் நாளைச் சொன்னார். சென்ட் லோரன்டில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வருவார். மனைவி பகல் வேலை, மருந்துப் பெட்டி அடைக்கிற இடத்தில். இவர் காலையில் வந்ததும் ஜான்-டலோன் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிச் சமைத்து வைத்துவிட்டு, மத்தியானம் படுத்தால் இருட்டிய பிறகுதான் எழும்புவார்.

"புடவைக் கடை நல்ல சனம்," என்றார். "சீலை விரிக்கிறதில என்ன சத்தம்."

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில் அந்த முதல் கோட்டுப் படத்தை விரித்துப் பார்த்தேன். மண்டபத்தின் பின்பகுதியில், நடனம் என்று எழுதியிருந்த இடத்துக்கு நேர் மேலேதான் அவர் திருப்பித் தட்டியிருந்தார். தகப்பன்மார் தூங்குகிறார்கள் என்று வீட்டை விட்டு வருகிற பிள்ளைகளை, இன்னொரு தூங்குகிற ஆளுக்குக் கீழே கொண்டுவந்து குதிக்க விடப்போகிறோம்.

ஒலித்தடுப்பில் அனுபவமுள்ள ஒருவரை முதலாளி எங்களோடு பேசவைத்தார். அவர் சொன்ன வழி சரியான வழிதான். மண்டபம் முழுவதுக்கும் ரப்பர் கொக்கிகளில் தொங்குகிற இரண்டாவது சீலிங், அதில் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை, இடையில் பஞ்சு. செலவைக் கேட்ட பொறுப்பாளர், அப்படியானால் குசினி கிடையாது, கழிவறைகளையும் பழையபடியே விட வேண்டும் என்றார். பிள்ளைகள் முதலாவதாகக் கேட்டது கழிவறைக் கதவு.

சில நாள் கழித்துப் பொறுப்பாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரல் வழக்கத்தை விடத் தாழ்ந்திருந்தது.

"கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரு யோசனை சொல்கிறார். மேல்வீட்டையும் எங்களுக்கே தரலாமாம். அங்கே இருப்பவர்களோடு பேசி, ஏதாவது ஈடு கொடுத்து அனுப்பிவிடுவாராம். வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. மேலே அலுவலகம், வகுப்பறை. கீழே எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம்."

பார்க் எக்ஸ்டென்ஷனில் இப்போது வாடகை என்ன என்று எனக்குத் தெரியும். அவர்கள் அந்த வீட்டில் நெடுங்காலமாக இருப்பவர்கள், பழைய வாடகை. அங்கிருந்து எழுந்தால் அந்தத் தெருவில் மட்டுமல்ல, அந்தப் பகுதியிலேயே அந்த வாடகைக்கு இன்னொரு வீடு கிடைக்காது.

"உங்களுக்கு அது சரியாகப் படுகிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை. இங்கே வருகிற பிள்ளைகளில் சிலர் அப்படி வீட்டை விட்டு எழுப்பப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்தான். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ ஒன்று காட்டினால் நான் சொந்தக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்."

கொஞ்ச நாள் தவணை கேட்டேன். மேல்வீட்டை அளக்காமல் எதுவும் வரைய முடியாது என்று தோன்றியது. அண்ணையின் மனைவியும் வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனேன்.

அந்த அக்கா மெலிந்தவர், வேகமாகப் பேசுகிறவர். நான் அளவு நாடாவை வெளியே எடுக்கும்போதே கேட்டார்.

"எங்களை வீட்டால எழுப்பப் போறியளோ? அவர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. ஆனா வீட்டுக்காரன் போன கிழமை வந்து யன்னலெல்லாம் சும்மா பாத்திட்டுப் போறான். இத்தினை வருசமா வராத மனுசன்."

அவரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஒரு பேச்சு இருக்கிறது, நான் அது நடக்காமல் இருக்க வழி பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். அக்கா உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். "எல்லா அறையையும் வடிவா அளவுங்கோ," என்று சொல்லிவிட்டு நாடாவின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டார்.

வீடு நீளமானது. தெருப்பக்கம் பெரிய வரவேற்பறை. நடுவில் சாப்பாட்டறையும் குளியலறையும். பின்னால் குசினி, அதற்குப் பக்கத்தில் படுக்கையறை. படுக்கையறை யன்னல் சாமான் அறையின் கூரையைப் பார்த்துத் திறந்தது. வரவேற்பறையில் ஒரு சோபா செட், அதன் மேல் விரிப்பு, ஒரு கண்ணாடி அலுமாரி, மூலையில் சாமித்தட்டு. யாரும் அதிகம் உட்காராத அறை என்று பார்த்ததும் தெரிந்தது. கம்பளத்தில் கால்பட்ட தேய்மானமே இல்லை.

இரண்டு வரைபடங்களையும், மேலும் கீழும், ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது விடை எளிதாக இருந்தது. சாமான் அறைக்கு மேலே வீடே இல்லை. சத்தத்தை அங்கே கொண்டுபோய்விடலாம். அந்தக் கூரை எப்படியும் ஒழுகுகிறது, திருத்த வேண்டும். திருத்தும்போது பஞ்சைத் தடிப்பாகப் போட்டுவிடலாம். நடு மண்டபத்தில் குசினியும் உட்கார்ந்து பேசும் இடமும். தெருப்பக்கம் அமைதியான அறை, படிக்கிறவர்களுக்கு. முழுச் சீலிங் தேவையில்லை. ஒரே ஒரு சிக்கல். பின்பக்க அறையில் என்ன செய்தாலும் கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் சத்தம் முதலில் போவது அவருடைய படுக்கையறை யன்னலுக்கு. அவர் கட்டிலைத் தெருப்பக்க அறைக்கு மாற்றினால் எல்லாம் சரி.

முதலாளியிடம் காட்டினேன். அவர் சிரித்தார். "எங்களுடைய ஒப்பந்தத்தில் அவருடைய கட்டில் இல்லையே" என்றார். பிறகு, "கேட்டுப் பார்" என்றார்.

கேட்டேன். அண்ணைக்கு விருப்பமில்லை.

"அது விசிட்டேர்ஸ் வாற அறை தங்கச்சி. சாமியும் இருக்கு. சாமிக்கு முன்னால காலை நீட்டிப் படுக்கிறதோ? தெருவில பஸ் வேற போகுது."

"பஸ் சத்தம் உங்களை எழுப்புமோ அண்ணை?"

"பஸ் எழுப்பாது," என்று ஒப்புக்கொண்டார். "பஸ் ஒரே சத்தம். பிள்ளையள் அப்பிடியில்லை."

அக்கா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஆரப்பா எங்களுக்கு விசிட்டேர்ஸ்? நீங்கள் படுத்திருக்கிற நேரம் நான் வேலை. நான் படுக்கிற நேரம் நீங்கள் வேலை. ஆரும் வந்தா கதவு திறக்கவே ஆளில்லை. சாமியைச் சாப்பாட்டறைக்குக் கொண்டுபோவம். அங்கதான் நான் விளக்கு வைக்கக் கிட்ட."

"சோபா?"

"சோபாவைப் பின்னறையில போடுங்கோ. இருந்து கூரையைப் பாப்பம்." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா முன்னறை யன்னல் பழசு. பின்னேர வெயில் முழுக்க உள்ள அடிக்கும். குளிருக்குக் காத்து வரும். அதை மாத்தித் தருவியளோ?"

அது நியாயமான கேள்வி. தெருப்பக்க யன்னலை இரட்டைக் கண்ணாடியோடு மாற்றி, வெளிச்சம் புகாத திரை ஒன்றும் போட்டால், பஸ் சத்தமும் வெயிலும் குறையும். தொங்கு சீலிங்கோடு ஒப்பிட்டால் அது ஒரு சின்னச் செலவு. பொறுப்பாளரிடம் கேட்கிறேன் என்றேன்.

அண்ணை இன்னும் சம்மதம் சொல்லவில்லை. "ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுறன்," என்றார். "எனக்குச் சத்தம் கேக்குதோ இல்லையோ எண்டு பேப்பரில தெரியாது."

அவர் சொன்னது சரி என்பதால், ஒரு சனிக்கிழமை பின்னேரம் சோதித்துப் பார்த்தோம். பொறுப்பாளரும் பிள்ளைகளும் முதல் நாளே வந்து சாமான் அறையிலிருந்த புடவைக் கடை அலுமாரிகளை முற்றத்தில் இறக்கிவிட்டிருந்தார்கள். நடனக் குழு தங்கள் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. பஞ்சாபிப் பையன் தோளில் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் அடிக்கிற பெரிய மேளத்தோடு வந்தான். நான் மேலே போய் வரவேற்பறையில் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். அண்ணை வெள்ளிக்கிழமை இரவு வேலை முடித்து வந்தவர், சாறத்தோடு நீளச் சோபாவில் படுத்து, கண்ணுக்கு மேல் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டார். அக்கா யன்னலில் ஒரு போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டார். நான் கீழே செய்தி அனுப்பினேன், தொடங்கலாம் என்று.

பாட்டு வந்தது. பாட்டுக்கும் முன்னால் நிலத்துக்குள்ளால் ஒரு துடிப்பு வந்தது. அலுமாரிக் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது.

"கேக்குதோ அண்ணை?"

"கேக்குது," என்றார் துவாய்க்குள்ளிருந்து. "நெஞ்சில கேக்குது."

ஸ்பீக்கரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கீழே கேட்டேன். நிலத்தில், மண்டபத்துப் பக்கச் சுவரை ஒட்டி என்று பதில் வந்தது. சுவரிலிருந்து விலக்கி மறுபக்கம் வையுங்கள், கீழே எதையாவது மெத்தென்று போடுங்கள் என்றேன். பிள்ளைகள் தங்களுடைய குளிர்ச் சட்டைகளை மடித்து அடுக்கி அதன்மேல் வைத்தார்கள். துடிப்பு நின்றது. பாட்டு மட்டும் எங்கோ தொலைவில் கேட்டது.

"இப்ப?"

"கேக்குது. ஆனா என்ன பாட்டெண்டு விளங்கேல்லை."

"அது பரவாயில்லையோ?"

"பாட்டு விளங்கினாத்தான் பிரச்சினை. சொல்லுக்குப் பின்னால மனம் போயிடும்."

பிறகு மேளம் அடித்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தேன். அடுத்த முறை "இப்ப?" என்று கேட்டபோது பதில் இல்லை. சோபாவின் ஓரமாக அவருடைய கை தொங்கியது. மூச்சு நீளமாக, கொஞ்சம் கரகரத்து வந்தது. அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, போங்கோ என்று கையால் காட்டினார். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

கீழே எல்லோரும் மேளத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"ஆள் நித்திரை," என்றேன்.

யாரும் கத்தவில்லை. அதைக் கேட்டதும் அவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒரு பிள்ளை கதவைச் சத்தமில்லாமல் சாத்தியது. பஞ்சாபிப் பையன் மேளத்தின் தோலில் உள்ளங்கையை வைத்து அதன் அதிர்வை அடக்கினான். இனியும் அடிக்கலாம், அதற்குத்தானே வந்தோம் என்று நான் சொன்ன பிறகும் அவன் விரல் நுனியால்தான் தட்டினான்.

"உண்மையாவே நித்திரையோ?" என்று நடனக் குழுப் பெண் கேட்டாள். "நாங்கள் இவ்வளவு சத்தம் போட்டும்?"

"ஓம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்கட அப்பாக்கு ஃப்ரிட்ஜ் திறந்தாலே கேக்கும்," என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரை மறுபடியும் போட்டாள்.

அந்த வாரமே பொறுப்பாளர் சொந்தக்காரரிடம் மேல்வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். யன்னலை மாற்றும் செலவு நிலையத்தின் ஒலித்தடுப்புக் கணக்கில் சேர்ந்தது. தன் கட்டடத்துக்குச் சும்மா ஒரு புது யன்னல் வருகிறது என்றதும் சொந்தக்காரர் மறுக்கவில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி மேல்வீட்டு வாடகையைக் கூட்டக்கூடாது என்று ஒரு வரியைப் பொறுப்பாளர் ஒப்பந்தத்தில் சேர்க்க வைத்தார். அது எனக்குத் தோன்றியிருக்காது.

வரைபடத்தை முதலிலிருந்து போட்டேன். கீழே சாமான் அறையின் நிலத்தை ரப்பர் கட்டைகளில் தனியாகத் தூக்கி நிறுத்தினேன், சுவரில் எங்கும் முட்டாதபடி. மண்டபத்துப் பக்கச் சுவருக்கு முன்னால் இன்னொரு மெல்லிய சுவர். முன்பக்கக் கண்ணாடி பற்றி ஒரு சின்ன வாக்குவாதம் வந்தது. பொறுப்பாளருக்குத் தெருவில் போகிறவர்கள் உள்ளே பிள்ளைகளைக் காண வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தெரிந்த மாமாமார் யாரும் தங்களைக் காணக்கூடாது. கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு மங்கலான தாள் ஒட்டினோம். நின்றால் தெரிவார்கள், உட்கார்ந்தால் தெரிய மாட்டார்கள். குசினிக்குப் பழைய உணவகம் ஒன்றிலிருந்து கழித்த மேசையும் தொட்டியும் கிடைத்தன. கழிவறைக் கதவுகள் நிலம் வரை வந்தன.

வேலை தொடங்குவதற்கு முன் கட்டிலை மாற்ற வேண்டியிருந்தது. அது ஊர்ப் பாணியில் செய்வித்த பாரமான மரக்கட்டில், கழற்றாமல் நடைவழியால் போகவில்லை. நடனக் குழுவில் மூத்த பையன்கள் மூன்று நான்கு பேர் மேலே போனார்கள். அவர்களில் ஒருவன் அண்ணையோடு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்பவரின் மகன் என்று அப்போதுதான் தெரிந்தது. "உன்ர அப்பா நேற்றுப் பின்னேரம் நித்திரை கொள்ளேல்லையோ? இரவு முழுக்கக் கொட்டாவி," என்றார் அண்ணை. பையன் குனிந்து கட்டிற்காலைத் தூக்கினான்.

கோடை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு நிலையம் திறந்தது. நகரசபையிலிருந்து ஒருவர் வந்து பேசினார். அக்கா ஒரு பெரிய தட்டு நிறைய வடை சுட்டுக் கொண்டுவந்தார். அண்ணை வரவில்லை. அது அவர் படுக்கிற நேரம்.

முதல் குளிர்காலத்தில் அவர் இரண்டொரு தடவை நிலத்தில் தட்டினார். பொறுப்பாளர் பயந்துபோய் என்னை அழைத்தார். நான் மேலே போய்க் கேட்டேன். பாட்டும் மேளமும் தன்னை ஒன்றும் செய்யவில்லை என்றார்.

"கதவு தங்கச்சி. முன் கதவு. குளிருக்குள்ளால ஓடி வந்து அடிச்சுச் சாத்துதுகள். எனக்கு வெடி மாதிரி இருக்கு."

ரப்பர் கட்டைகளைப் பற்றி எவ்வளவோ யோசித்த நான் முன் கதவைப் பற்றி யோசிக்கவேயில்லை. அவருடைய கட்டிலை அந்தக் கதவுக்கு நேர் மேலே கொண்டுவந்து வைத்ததும் நான்தான். மெதுவாகச் சாத்துகிற ஒரு கருவியைக் கதவில் பூட்டினோம், கதவு நிலையைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டினோம். அதற்குப் பிறகு அவர் தட்டவில்லை.

அடுத்த வருடம் தொழிற்சாலையில் அவரைப் பகல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வயது போகிறது என்று அவர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நான் செய்த ஏற்பாடெல்லாம் ஒரு வருடத்துக்குக்கூடத் தேவைப்படவில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். அடுத்து வருகிறவருக்குத் தேவைப்படும் என்றார் அவர். கட்டில் தெருப்பக்க அறையிலேயே இருக்கிறது. மேல்வீட்டுப் பின்னறை யன்னலோரம் சோபாவில் உட்கார்ந்து அக்கா பின்னேரங்களில் தேத்தண்ணி குடிக்கிறார். கீழே பிள்ளைகள் ஆடுவது கேட்டுக்கொண்டிருப்பது ஒரு துணை என்கிறார்.

போன வசந்தத்தில் பொறுப்பாளர் மறுபடி என்னைக் கூப்பிட்டார். தெருப்பக்கத்து அமைதி அறையில் நான் போட்டுக் கொடுத்த படிக்கிற மேசைகளை யாரும் பாவிப்பதில்லை என்றார். போய்ப் பார்த்தேன். மேசைகள் சுவரோரம் தள்ளிக் கிடந்தன. நிலத்தில் மெத்தைகளும் குளிர்ச் சட்டைகளும். மங்கலான தாளுக்குக் கீழே, தெருவுக்குத் தெரியாமல், மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஏதோ ஒரு கடையின் வேலைச் சட்டையோடு.

"பள்ளிக்கூடம் முடிந்து வந்து கொஞ்சம் படுப்பார்கள்," என்று பொறுப்பாளர் காதருகில் சொன்னார். "பிறகு வேலைக்குப் போவார்கள். டவுன்டவுனில், மருந்துக் கடைகளில், உணவகங்களில். வீட்டில் கட்டில் காலியாக இருக்காது அல்லது தம்பி தங்கைகள் விட மாட்டார்கள். நான் எழுப்புவதில்லை. ஆனால் இது படுக்கையறை என்று எங்கேயும் எழுத முடியாது. காப்புறுதிக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்."

அலுவலகத்துக்குப் போய்ச் சுவர் நீளத்துக்கு ஒன்றை வரைந்து, 'இருக்கை' என்று பெயர் எழுதினேன். ஆள் காலை நீட்டிப் படுக்கக்கூடிய அகலம், மேலே கழுவக்கூடிய மெத்தை, அடியில் பைகள் வைக்கப் பெட்டி. படத்தைப் பார்த்த முதலாளி, இருக்கைக்கு இவ்வளவு அகலமா என்று கேட்டார். உயரமான பிள்ளைகள் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.